மெர்க்ஸ்தான்யா பெரிய ஆளு... ஆனா நீங்க சொல்ற காரணத்துக்காக இல்ல!

ரொம்ப நாளா இந்தப் பக்கம் தலை வெச்சுப் படுக்கல. ஆபீஸ்ல ஆணி ஜாஸ்தி. ரிலீஸ் முடிஞ்சு மூச்சு விட்டதும் மொக்கையா ஏதாவது ஒரு பதிவு போடலாம்னுதான் இருந்தேன். ஆனா போன ஞாயித்துக்கிழமை ஒரு வாக்குவாதம். வீட்டுக்கு வந்தும் ஆறல. புதன்கிழமை வரைக்கும் ஆறல. அதனால எழுதிடறேன்.

எங்க சைக்கிள் கோஷ்டியைப் பத்தி முன்னாடியே ஜல்லி அடிச்சிருக்கேன். புதுசா வர்றவங்களுக்கு சுருக்கமா: ஞாயித்துக்கிழமை விடியக்காலை அஞ்சு மணிக்கு மந்தைவெளியிலேர்ந்து நான், தி.நகர் பனகல் பார்க் பக்கத்துலேர்ந்து ஒருத்தர், அடையாறுலேர்ந்து ரெண்டு பேர் கிளம்புவோம். திரு.வி.க. பாலம், திருவான்மியூர், அப்புறம் ஈ.சி.ஆர். புடிச்சு முட்டுக்காடு பாலம் வரைக்கும். திரும்பி வந்து மயிலாப்பூர் மாடவீதிப் பக்கம் ஒரு மெஸ்ல பொங்கல், வடை, காபி. ஓட்டறது ரெண்டரை மணி நேரம், பேசறது மூணு மணி நேரம். சென்னையில மலையேறிப் பழகணும்னா பரங்கிமலையை விட்டா மேம்பாலம்தான் கதி. ஆனா பேச்சுன்னு வந்துட்டா எங்களுக்கு ஆல்ப்ஸ் மலையே பக்கத்துத் தெரு மாதிரி.

அன்னிக்கு மேட்டர் என்னன்னா, ரோடு சைக்கிள் ரேஸ்ல இதுவரைக்கும் வந்தவங்கள்ல யார் பெரிய ஆளு? எம்.எஸ்.வி.யா ராஜாவா, சச்சினா கோலியா மாதிரி இதுவும் தீராத வழக்கு. வடை ஆறுறதுக்குள்ள மூணு கட்சி ஆயிடுச்சு.

தி.நகர்காரர் நம்மளை மாதிரியே பொட்டி தட்டறவர். அவர் போன்ல ஒரு எக்செல் ஷீட்டைத் திறந்தார். ஒவ்வொரு ரேஸுக்கும் பாயிண்ட் போட்டு, கூட்டி, "பொகாச்சார்தான் பாஸ், டேட்டா பேசுது"ன்னார். அடையாறு அண்ணன் (ஐம்பதைத் தாண்டினவர், எங்க எல்லாரையும் விட நல்லா ஓட்டுவார்) வடையை சாம்பார்ல முக்கிக்கிட்டே, "என்ன ஷீட்டு போட்டாலும் ஏழு ஏழுதான் தம்பி. ஆர்ம்ஸ்ட்ராங்கை மெடல் லிஸ்ட்லேர்ந்துதான் அழிக்க முடியும். எல்லாருமேதான் ஊசி போட்டாங்க. அதுல இவன் ஃபர்ஸ்ட்டு. கணக்கு சரியாப் போச்சு இல்ல?"ன்னார்.

எனக்கு சுருக்னு ஏறிடுச்சு. ஏன்னு அப்புறம் சொல்றேன். முதல்ல அந்த ஷீட்டைக் கவனிப்போம்.

*

சைக்கிள் ரேஸ் பக்கமே போகாதவங்களுக்கு ஒரு சின்ன அறிமுகம். மூணு வாரம் நடக்கற பெரிய ரேஸ் மூணு: பிரான்ஸ்ல டூர் டி ஃபிரான்ஸ், இத்தாலியில ஜிரோ, ஸ்பெயின்ல வுவெல்டா. இது டெஸ்ட் மேட்ச் மாதிரி. ஒரே நாள்ல முடியற பெரிய ரேஸ் அஞ்சு: மிலான்-சான் ரெமோ, டூர் ஆஃப் ஃபிளாண்டர்ஸ், கல்லு பாவின ரோட்டுல எலும்பை உலுக்கற பாரிஸ்-ரூபே, லியேஜ்-பாஸ்டோன்-லியேஜ், லொம்பார்டியா. இந்த அஞ்சையும் 'மான்யூமெண்ட்'னு சொல்லுவாங்க. இது போக வருஷா வருஷம் உலக சாம்பியன்ஷிப்.

மலையேறறவன் ஒல்லியா இருக்கணும். ரூபே கல்லு ரோட்டுல ஓட்டறவன் கொஞ்சம் கனமா இருந்தாத்தான் தாங்கும். அதனால ஒருத்தனே எல்லாத்துலயும் ஜெயிக்கறதுங்கறது ஓபனிங் பேட்ஸ்மேனே ஃபாஸ்ட் பவுலராவும் விக்கெட் கீப்பராவும் இருக்கற மாதிரி.

இப்ப ஷீட்டு. டூரை மட்டும் எண்ணினா அஞ்சு தடவை ஜெயிச்சவங்க நாலு பேர்: ஆன்க்வெதில், மெர்க்ஸ், இனோ, இந்துரைன். டை! மூணு வார ரேஸ் மூணையும் சேர்த்து எண்ணினா மெர்க்ஸ் 11, இனோ 10, ஆன்க்வெதில் 8. மான்யூமெண்ட்டை எண்ணினா மெர்க்ஸ் 19, டி விளாமிங்க் 11, 2025 முடிய பொகாச்சார் 10. டூர்ல ஒரு ஸ்டேஜ் ஜெயிச்சதை எல்லாம் எண்ணினா 35 வாங்கின கேவென்டிஷ். 2024-ல அவர் தாண்டினது மெர்க்ஸோட 34-ஐத்தான்.

தி.நகர்காரர் எப்படி பொகாச்சாரைக் கொண்டு வந்தார்? "அந்தக் காலத்துல போட்டி கம்மி. பெல்ஜியம், பிரான்ஸ், இத்தாலி, ஸ்பெயின், ஹாலந்துதான் பெருசா ஓட்டினாங்க. இப்ப உலகம் பூரா ஓட்டறான்"னு சொல்லி, பழைய ஜெயிப்பு எல்லாத்தையும் 0.6-ஆல பெருக்கியிருக்கார். ஏன் 0.6? ஏன் 0.8 இல்ல? கேட்டா சிரிக்கறார். நான் அங்கேயே அவர் போனை வாங்கி 0.9 போட்டேன், மெர்க்ஸ் மேல வந்துட்டார். நாமதான் தினமும் பண்றோமே பாஸ், மேனேஜருக்கு எந்த நம்பர் வேணுமோ அந்த நம்பர் வர்ற வரைக்கும் ஃபார்முலாவைத் தட்டறது :-) வெயிட்டேஜ் யார் கையில இருக்கோ அவன் ஆளுதான் சாம்பியன்.

எண்ணிக்கையே வேணாம்னு சொல்லல. எண்ணிக்கை ஒருத்தரை வாசல் வரைக்கும் கொண்டு வந்து விடும். கோப்பி, இனோ, மெர்க்ஸ், பொகாச்சார் எல்லாரும் வாசல்ல நிக்கறாங்க. உள்ள யாரைக் கூப்பிடறதுங்கறதுக்கு வேற ஒண்ணு வேணும். அது என்னன்னு எனக்குப் புரிய வெச்சது ஷீட்டு இல்ல, எங்க சித்தப்பா.

*

கொசுவத்தி சுத்தறேன், கொஞ்சம் பொறுத்துக்கோங்க.

எங்க சித்தப்பா மந்தைவெளி மார்க்கெட் பக்கத்துல வாடகை சைக்கிள் கடை வெச்சிருந்தார். பஞ்சர், ஓவராயில், ரிம் கோட்டம் எடுக்கறது எல்லாம் உண்டு. நான் குரங்குபெடல் அடிச்சுப் பழகினது அவர் கடை சைக்கிள்லதான். 2011-ல, நான் ஒன்பதாவது படிக்கறப்ப, அவருக்குக் கழுத்துல கட்டி வந்துச்சு. லிம்ஃபோமான்னாங்க. அடையாறு கேன்சர் இன்ஸ்டிட்யூட்ல கீமோ ஆரம்பிச்சாங்க.

அந்த சமயத்துலதான் லஸ் கார்னர் பிளாட்பாரத்துப் பழைய புத்தகக் கடையில அறுபது ரூபாய்க்கு ஆர்ம்ஸ்ட்ராங்கோட புத்தகம் கிடைச்சுது. கேன்சர்லேர்ந்து பிழைச்சு வந்து டூர் ஜெயிச்ச கதை. சித்தப்பாவுக்கு இங்கிலீஷ் வராது. சாயங்காலம் ஸ்கூல் விட்டு வந்து நான் உட்கார்ந்து பத்திப் பத்தியா தமிழ்ல சொல்லுவேன். எனக்குப் புரியாத இடத்தைத் தாண்டிடுவேன். "என்னடா, நேத்து ஆஸ்பத்திரியில இருந்தான், இன்னிக்கு மலையில இருக்கான், நடுவுல என்னாச்சு?"ம்பார். மறுபடி பின்னாடி போவேன். ரெண்டு மாசம் அப்படி ஓடுச்சு.

நாலாவது கீமோவுக்கு அப்புறம் அவருக்கு ரத்தம் ரொம்பக் குறைஞ்சு போச்சு. முதல் மாடி வீடு. பதினெட்டு படி. நடுவுல ரெண்டு தடவை உட்காருவார். டாக்டர் வாரம் ஒரு ஊசி எழுதிக் குடுத்தார். ஃபிரிட்ஜ்லயே வெச்சிருக்கணும், வெயில் படக்கூடாது. மருந்துக் கடைலேர்ந்து தெர்மாகோல் டப்பாவுல ஐஸ் போட்டு, சைக்கிள் ஹேண்டில்பார்ல மாட்டிக்கிட்டு எடுத்துட்டு வர்றது என் வேலை. பேரு வாய்க்குள்ள நுழையாது. எரித்ரோபொயட்டின். உடம்பு ரத்த சிவப்பணுக்களை உண்டு பண்ணத் தூண்டற மருந்து. சுருக்கமா ஈ.பி.ஓ.

புரிஞ்சுதா?

2012 அக்டோபர்ல அமெரிக்க ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பு தன்னோட அறிக்கையை வெளியிட்டது. ஆயிரம் பக்கத்துக்கு மேல ஆதாரம், கூட ஓட்டின 11 பேரோட சாட்சி. அதே மாசம் 1999-லேர்ந்து 2005 வரைக்கும் வாங்கின ஏழு டூர் பட்டமும் போச்சு. நான் அந்தப் பேப்பரை சித்தப்பா கண்ணுல படாம எடுத்து ஒளிச்சு வெச்சேன். அவர் அதுக்குள்ள குணமாகி கடைக்குப் போக ஆரம்பிச்சிருந்தார். கடைக்கு வந்தவங்களே சொல்லிட்டாங்க. 2013 ஜனவரியில ஓப்ரா வின்ஃப்ரே கிட்ட ஆர்ம்ஸ்ட்ராங்கே ஒத்துக்கிட்டப்ப, "என்ன மருந்துடா போட்டான், படி"ன்னார். படிச்சேன். கொஞ்ச நேரம் வீலைச் சுத்தி விட்டுக் கோட்டம் பார்த்துக்கிட்டே இருந்தார்.

"அது நான் மாடிப்படி ஏறறதுக்குக் குடுத்த மருந்துடா. அவனுக்கு எதுக்கு?"

அவ்வளவுதான் சொன்னார். புத்தகத்தைத் தூக்கி எல்லாம் போடல. அது ரொம்ப நாள் கடை அலமாரியில சைக்கிள் ட்யூப் டப்பா பக்கத்துலயே இருந்துச்சு.

அதனாலதான் அடையாறு அண்ணன் "எல்லாரும் ஊசி போட்டாங்க, கணக்கு சரியாப் போச்சு"ன்னு சொன்னதும் எனக்கு ஏறினது.

*

கோபத்தை ஓரமா வெச்சுட்டு அந்த வாதத்தைப் பார்ப்போம். அது கணக்காவே தப்பு.

ரத்தத்துல சிவப்பணு எத்தனை சதவீதம்னு ஒரு அளவு உண்டு. ஹீமாடோக்ரிட். ஈ.பி.ஓ.வைக் கண்டுபிடிக்க டெஸ்ட் இல்லாத காலத்துல, 1997-லேர்ந்து, 50 சதவீதத்துக்கு மேல இருந்தா ஓட்டக்கூடாதுன்னு வெச்சாங்க. இப்ப யோசிங்க. ஒருத்தனுக்கு இயற்கையிலேயே 48. இன்னொருத்தனுக்கு 40. ரெண்டு பேரும் மருந்து போட்டு 49-க்கு வந்தா யாருக்கு லாபம்? முதல் ஆளுக்கு ஒண்ணு, ரெண்டாவது ஆளுக்கு ஒன்பது. அப்பா அம்மா குடுத்த உடம்பால முன்னாடி இருந்தவன் பின்னாடி போயிடறான். மருந்துக்கு எவன் உடம்பு நல்லா எதிர்வினை காட்டுதோ, எவன் கிட்ட பணமும் நல்ல டாக்டரும் இருக்கோ, அவன் ஜெயிக்கறான். எல்லாரும் பிட் அடிச்ச பரீட்சையில ஃபர்ஸ்ட் வந்தவனை ஊர்லயே புத்திசாலின்னு சொல்லுவோமா? நல்ல பிட்டு வெச்சிருந்தவன்னுதான் சொல்லுவோம்.

அதோட, "எல்லாரும்"ங்கறதும் பொய். 1999 டூர்ல கிறிஸ்தோஃப் பாஸோன்னு ஒரு பிரெஞ்சு வீரர். மருந்து போடாதவர்னு பேர் வாங்கினவர். பேப்பர்ல பத்தி எழுதி, இந்த வேகம் நம்பற மாதிரி இல்லைன்னு வெளிப்படையாச் சொன்னார். ஓடற ரேஸுக்கு நடுவுல ஆர்ம்ஸ்ட்ராங் அவர் பக்கத்துல வந்து, வீட்டுக்குப் போயிடுன்னு சொன்னார். கூட ஓட்டினவங்க யாரும் பாஸோன் கிட்ட பேசல. சில நாள்ல அவர் நிஜமாவே ரேஸை விட்டுப் போயிட்டார். அந்த ஒருத்தரை யாரும் எந்த ஷீட்லயும் ஏத்த மாட்டாங்க. ஏழை மட்டும் ஏத்துவாங்க.

இன்னொண்ணு. அந்த ஏழை அப்படியே ஒத்துக்கிட்டாக் கூட ஆர்ம்ஸ்ட்ராங் பெரிய ஆளு கிடையாது. ஜிரோ ஒண்ணு கூட இல்ல. வுவெல்டா இல்ல. மான்யூமெண்ட் ஒண்ணு கூட இல்ல. வருஷம் பூரா ஜூலை மாசத்துக்காகவே ஓட்டின ஆள். பப்ளிக் எக்ஸாமுக்கு முக்கியமான கேள்வியை மட்டும் மனப்பாடம் பண்ற ரகம். 1993-ல உலக சாம்பியன் ஆனது உண்டு, அது நிக்குது.

*

"சரிடா, உன் மெர்க்ஸ் யோக்கியமா?"ன்னு கேட்டார் அண்ணன். நியாயமான கேள்வி. மழுப்ப மாட்டேன்.

எடி மெர்க்ஸ், பெல்ஜியம், 1945-ல பிறந்தவர். மூணு தடவை டெஸ்ட்ல மாட்டியிருக்கார். 1969 ஜிரோவுல முன்னாடி போய்க்கிட்டு இருக்கறப்ப சவோனாங்கற ஊர்ல வெளியேத்தினாங்க. நான் எதுவும் எடுக்கலைன்னு அவர் அன்னிலேர்ந்து சொல்லிக்கிட்டுதான் இருக்கார். தடையை நீக்கி அந்த வருஷ டூர்ல ஓட விட்டாங்க. 1973-ல லொம்பார்டியா ஜெயிச்சு, இருமல் மருந்துல இருந்த சமாச்சாரத்தால அந்தப் பட்டம் போச்சு. 1977-ல மறுபடி. இதுல முதலாவது சந்தேகம், ரெண்டாவது கவனக்குறைவுன்னு வெச்சாலும் மூணாவதுக்கு நான் வக்காலத்து வாங்க மாட்டேன். அந்தக் காலத்துப் பழக்கம் அப்படின்னு சொல்லிட்டு நழுவவும் மாட்டேன். மகாத்மாவைத் தேடறதா இருந்தா சைக்கிள் ரேஸ் பக்கம் வரவே கூடாது.

அப்புறம் எதுக்கு மெர்க்ஸ்?

ஜெயிச்ச கதையைச் சீக்கிரம் சொல்லிடறேன், ஏன்னா அது எல்லாருக்கும் தெரியும். மொத்தமா 525 ஜெயிப்பு. டூர் அஞ்சு, ஜிரோ அஞ்சு, வுவெல்டா ஒண்ணு. மிலான்-சான் ரெமோ மட்டும் ஏழு. 2025 வரைக்கும் அஞ்சு மான்யூமெண்டையும் ஜெயிச்சவங்க மூணே பேர், அதுல ஒருத்தர். 1971-ல 120 ரேஸ் ஓட்டி 54 ஜெயிச்சார். 1969 டூர்ல மஞ்சள் ஜெர்ஸி, பச்சை ஜெர்ஸி, மலையேத்தப் பரிசு மூணும் அவருக்கே. அந்த டூர்ல 8 நிமிஷத்துக்கு மேல முன்னாடி இருந்தவர், சும்மா பின்னாடி உட்கார்ந்து வந்தாலே போதும்னு இருக்கறப்ப, டூர்மலே மலையில தனியாப் பிச்சுக்கிட்டுப் போய் சுமார் 130 கிலோமீட்டர் ஒத்தை ஆளா ஓட்டினார். மயிலாப்பூர்லேர்ந்து மரக்காணத்தையே தாண்டிடற தூரம், அதுவும் மலை மேல. கூட ஓட்டின ஒருத்தரோட பொண்ணுதான் இதெல்லாம் கேட்டுட்டு அவருக்கு 'நரமாமிசம் தின்னி'ன்னு பேர் வெச்சுதாம்.

1972-ல மெக்சிகோ சிட்டியில ஒரு மணி நேரத்துல 49.431 கிலோமீட்டர் ஓட்டினார். இது சித்தப்பாவுக்கு ரொம்பப் பிடிச்ச கணக்கு. "அட, ஹவர் சைக்கிள்டா!"ன்னார். உண்மைதானே, மூணு ரூபா குடுத்து வாடகைக்கு எடுத்த ஒவ்வொரு பையனும் மணி முடியறதுக்குள்ள எவ்வளவு தூரம் போய்ட்டு வரலாம்னு ஹவர் ரெக்கார்டுக்குத்தானே ட்ரை பண்ணியிருக்கான் :-)

ஆனா நான் மெர்க்ஸை உள்ள கூப்பிடறது இதுக்காக இல்ல. அவர் தோத்த டூருக்காக.

முதல்ல 1971. ஸ்பெயின்காரர் லூயிஸ் ஓகான்யா ஒரே மலையில மெர்க்ஸை 8 நிமிஷத்துக்கு மேல பின்னாடி தள்ளிட்டார். எல்லாரும் மெர்க்ஸ் கதை முடிஞ்சுதுன்னாங்க. அடுத்த ஸ்டேஜ்ல மெர்க்ஸ் கொடி அசைச்சதும் பாய்ஞ்சு, மார்செய் வரைக்கும் துரத்தித் துரத்தி ஓட்டி, குறிச்ச நேரத்துக்கு ரொம்ப முன்னாடியே ஊர் போய்ச் சேர்ந்தார். சில நாள் கழிச்சு மெந்தே மலை இறக்கத்துல புயல் மழை. ஓகான்யா விழுந்து ஆஸ்பத்திரிக்குப் போயிட்டார். மஞ்சள் ஜெர்ஸி மெர்க்ஸுக்கு வந்துச்சு. மறுநாள் அதைப் போட மாட்டேன்னுட்டார். விழுந்தவன் கிட்டேர்ந்து கிடைச்சது, நான் ஜெயிச்சது இல்லைங்கற கணக்கு.

அப்புறம் 1975. இதைத்தான் பொறுமையாப் படிக்கணும். ஆறாவது டூர் ஜெயிச்சா உலகத்துல யாருக்கும் இல்லாத சாதனை. மெர்க்ஸ் மஞ்சள் ஜெர்ஸியில இருக்கார். புய் தெ டோம் மலையில ஏறறப்ப கூட்டத்துலேர்ந்து ஒருத்தன் வயித்துல குத்தினான். வலியோட ஓட்டினார். ரெண்டு நாள் கழிச்சு ப்ரா-லூ ஏத்தத்துல பெர்னார் தெவனே அவரைத் தாண்டிப் போய் ஜெர்ஸியை வாங்கிட்டார். அதுக்கப்புறம் ஒரு நாள் காலையில இன்னொரு வீரர் மேல மோதி விழுந்து கன்னத்து எலும்பு உடைஞ்சுது. டாக்டர் போதும், வீட்டுக்குப் போன்னார்.

போயிருக்கலாம். யாரும் குறை சொல்லியிருக்க மாட்டாங்க. "அடி வாங்கினான், எலும்பு உடைஞ்சுது, இல்லைன்னா ஜெயிச்சிருப்பான்"னு ஐம்பது வருஷமா பேசிக்கிட்டு இருந்திருப்போம். தெவனேயோட ஜெயிப்புக்குக் கீழ என்னிக்கும் ஒரு நட்சத்திரக் குறி இருந்திருக்கும்.

மெர்க்ஸ் போகல. கெட்டியா எதுவும் சாப்பிட முடியாம, பாரிஸ் வரைக்கும் ஓட்டினார். நடுநடுவுல தெவனேயை விட்டுப் பிச்சுக்கிட்டுப் போகவும் பார்த்தார். 2 நிமிஷம் 47 செகண்டுல தோத்தார். அந்த வருஷம்தான் முதல் தடவையா டூர் ஷான்ஸ் எலிஸேயில முடிஞ்சுது. அங்க தெவனே மேல ஏறி நின்னப்ப, உலகத்துலயே பெரிய ஆளை அவன் ஓட்டிக்கிட்டு இருக்கறப்பவே ஜெயிச்சவன்னு நின்னார். அந்தக் கௌரவத்தை வேற யாராலயும் அவருக்குக் குடுத்திருக்க முடியாது.

(தெவனேயும் பின்னாடி கார்டிசோன் போட்டதா ஒத்துக்கிட்டார். தெரியும். சொன்னேனே, மகாத்மாவைத் தேடல.)

இப்ப ரெண்டையும் பக்கத்துல வெச்சுப் பாருங்க. ஒருத்தர் தன்னைத் தோற்கடிச்சவனோட ஜெயிப்பு முழுசா இருக்கட்டும்னு உடைஞ்ச முகத்தோட ஓட்டறார். இன்னொருத்தர் உண்மையைச் சொன்ன ஒருத்தனை ரேஸை விட்டே அனுப்பறார். ரெண்டு பேரும் மருந்து விஷயத்துல மாட்டினவங்கதான், அண்ணே. ஆனா ரெண்டும் ஒண்ணா?

பெரிய ஆளுங்கறவன் தான் ஜெயிக்கறதால மட்டும் பெரியவன் ஆகறதில்ல. அவன் இருந்ததால அந்த ரேஸ் பெருசாச்சா, சின்னதாச்சான்னு பார்க்கணும். 1975-ல டூர் பெருசாச்சு. 1999-லேர்ந்து 2005 வரைக்கும் ஜெயிச்சவன் பேர் எழுதற இடம் இன்னிக்கும் காலியா இருக்கு. ரெண்டாவது வந்தவனுக்குக் கூட தைரியமாக் குடுக்க முடியல. அதை விடச் சின்னதா ஒரு ரேஸை ஆக்க முடியுமா?

*

தி.நகர்காரருக்கு: உங்க ஆளை நான் மட்டம் தட்டல. பொகாச்சார் 2024-ல ஜிரோ, டூர், உலக சாம்பியன்ஷிப் மூணையும் ஒரே வருஷத்துல ஜெயிச்சார். அதுக்கு முன்னாடி அதைப் பண்ணினது 1974-ல மெர்க்ஸ், 1987-ல ஸ்டீஃபன் ரோச், அவ்வளவுதான். 2025 முடிய டூர் நாலு, லொம்பார்டியா வரிசையா அஞ்சு. 2025 ஏப்ரல்ல முதல் தடவையா ரூபேயில போய் ரெண்டாவது வந்தார். மலையேறறவன் கல்லு ரோட்டுக்கு எதுக்குப் போகணும், விழுந்தா டூர் போச்சேன்னு எல்லாரும் கேட்டாங்க. போனாரே, அதுதான் மெர்க்ஸ் ரத்தம். 2022, 2023-ல விங்கேகார் கிட்ட தோத்ததையும் மூஞ்சியைத் தூக்காம தோத்தார். 2022-ல இறக்கத்துல பொகாச்சார் விழுந்தப்ப விங்கேகார் காத்துக்கிட்டு நின்னதும், இவர் வந்து கை குடுத்ததும் என்னைக் கேட்டா அந்த டூரோட பெரிய காட்சி.

அவர் மேல எந்தக் குற்றமும் நிரூபிக்கப்படல. ஆனா ஒரு தடவை சூடு பட்ட பூனை நான். அவர் ஓட்டி முடிக்கட்டும், அவரோட 1975 வரட்டும். அதுக்கப்புறம் உங்க ஷீட்டை நானே திறந்து வெயிட்டேஜை மாத்தித் தர்றேன்.

இவ்வளவு நேரம் பேசாம காபி குடிச்சிக்கிட்டு இருந்த அடையாறு அக்கா கடைசியா ஒரு குண்டு போட்டாங்க. "மூணு பேரும் ஒரு மணி நேரமா கத்தறீங்க. ஒரு பொண்ணு பேர் வந்துச்சாடா?"

வரல. அசடு வழிஞ்சோம்.

அக்கா சொன்னது மரியானா வோஸ். நெதர்லாந்து. ரோடு உலக சாம்பியன் மூணு தடவை, சேத்துல ஓட்டற சைக்ளோகிராஸ்ல எட்டு தடவை, 2008-ல டிராக்கில ஒலிம்பிக் தங்கம், 2012-ல ரோட்டுல ஒலிம்பிக் தங்கம். இவங்களை ஷீட்ல போட்டா மெர்க்ஸ் கிட்ட கூட வர மாட்டாங்க. ஏன்னா ரேஸே இல்ல! பெண்களுக்கான பாரிஸ்-ரூபே 2021-லதான் ஆரம்பிச்சுது. பெண்களுக்கான டூர் எண்பதுகள்ல கொஞ்ச வருஷம் நடந்து நின்னு, இப்ப இருக்கற வடிவத்துல 2022-லதான் வந்துச்சு. நடத்தாத பரீட்சைக்கு மார்க் எங்கேர்ந்து வரும்? உங்க டேட்டா பேசுதே பாஸ், அது யாரைப் பத்திப் பேசாம இருக்குன்னும் கேளுங்க.

ஆனா என் அளவுகோல்ல வெச்சா? 2006-ல, 19 வயசுல உலக சாம்பியன். அப்புறம் 2007, 2008, 2009, 2010, 2011. அஞ்சு வருஷம் வரிசையா ரெண்டாவது இடம். அஞ்சு வருஷம்! நானா இருந்தா மூணாவது வருஷமே சைக்கிளை ஓ.எல்.எக்ஸ்.ல போட்டிருப்பேன். 2012-ல சொந்த நாட்டுல நடந்த சாம்பியன்ஷிப்ல ஜெயிச்சாங்க, 2013-ல மறுபடியும். மெர்க்ஸ் பக்கத்துல இன்னொரு நாற்காலி போடணும்னா அது இவங்களுக்குத்தான். இதை நான் அக்காவுக்குப் பயந்து எழுதல (கொஞ்சம் பயமும் உண்டு).

*

அன்னிக்கு வீட்டுக்கு வந்ததும் சித்தப்பாவைப் பார்க்கப் போனேன். இப்ப கடை இல்ல. ஆனா என் கார்பன் சைக்கிளை வாரம் ஒரு தடவை தூக்கிப் பார்த்து, "இதுல கேரியர் கூட இல்ல, இதுக்கா இவ்வளவு பணம்?"னு திட்டறது நிக்கல. ஆர்ம்ஸ்ட்ராங் பேச்சு வந்ததைச் சொன்னேன். ஒண்ணும் சொல்லல. அப்புறம் 1975 கதையை முழுசா சொன்னேன். பதினாலு வருஷம் முன்னாடி சொன்ன மாதிரியே, ஆனா இந்தத் தடவை எதையும் தாண்டல.

எல்லாத்தையும் கேட்டுட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார். "கன்னத்து எலும்பு உடைஞ்சா மெல்ல முடியாதே. என்னத்தைச் சாப்பிட்டு ஓட்டினான்?"

"தண்ணியா ஏதோ குடிச்சுத்தான் சித்தப்பா."

"கஞ்சி"ன்னார். கீமோ சமயத்துல வாயெல்லாம் புண்ணாகி அவரும் அதைத்தான் குடிச்சிக்கிட்டு இருந்தார். கொஞ்ச நேரம் கழிச்சு, "கஞ்சியைக் குடிச்சிட்டு மலை ஏறினவன்டா அவன். அவனைப் பத்தி எழுது"ன்னார்.

எழுதிட்டேன்.

டிஸ்கி: அடையாறு அண்ணன் இதைப் படிப்பார்னு தெரியும். அண்ணே, வர்ற ஞாயித்துக்கிழமை காபி என் செலவு. ஆனா ஏழுன்னு ஆரம்பிச்சீங்கன்னா வடை உங்க செலவு. கோப்பி ரசிகர்கள், இனோ ரசிகர்கள் எல்லாரும் பின்னூட்டத்துல வந்து கும்மலாம். எக்செல் ஷீட் மட்டும் ஒட்டாதீங்க சாமி, ஆபீஸ்லயே பார்த்து கண்ணு பூத்துப் போச்சு.